லாடம் கட்டிய டிரோன்

வேனின் பின்கதவைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம். பூச்சிமருந்து நாற்றம் அருணாதேவிக்குப் பழகியது. இது வேறு. மருந்தடிக்கும் டிரோனின் முதுகிலிருந்து ஒரு தண்டு எழும்பி நிற்கும். அந்தத் தண்டில் யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்தி வைத்திருந்தார்கள். வேனுக்குள் கிடந்து வெந்ததில் பழம் ஒரு பக்கம் கறுத்துக் கொழகொழத்துப் போயிருந்தது. சாறு தண்டுவழியே இறங்கி, ஒயர் சொருகும் இடத்தில் பிசினாகக் காய்ந்திருந்தது. எறும்புகள் வரிசை பிடித்து ஏறிக்கொண்டிருந்தன. தண்டின் தலையில் இருக்கும் வட்ட மூடியில் சந்தனமும் குங்குமமும் கையகலத்துக்கு அப்பிக்கிடந்தன. மூடிக்குக் கீழே கறுப்புக் கயிற்றில் ஒரு லாடம் தொங்கி ஆடியது. குதிரைக் குளம்பிலிருந்து கழற்றிய பழைய இரும்பு.

"அக்கா, இது மருந்தடிக்கப் போகுதா, இல்ல இதுக்கே நாம மருந்தடிக்கணுமா?" என்றாள் நசிமா.

நசிமா விருதுநகரில் வத்தல் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். அருணாதேவியோடு ஒரே பயிற்சி வகுப்பில் டிரோன் ஓட்டப் படித்தவள். இருவரும் ஒரு ஜோடியாக வேலை பார்த்தார்கள். அருணாதேவி கையில் ரிமோட்டும் அதன் மேல் திரையும் இருக்கும். நசிமா மருந்து கலப்பாள், பேட்டரி மாற்றுவாள், டிரோன் மேலே இருக்கும்போது கண் இமைக்காமல் அதையே பார்ப்பாள். ஒருத்தி திரையைப் பார்க்க வேண்டும், ஒருத்தி வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

டிரோன் அவர்களுடையது அல்ல. சிவகாசியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் தங்கப்பாண்டியனுடையது. மருந்தும் விற்று, அதை அடிக்க டிரோனும் வாடகைக்கு விட்டால் விவசாயம் பார்க்கிற சம்சாரி வேறு கடைக்குப் போக மாட்டான் என்று வாங்கிப் போட்டவர். போன வாரம் வேறொருவன் அதை வெம்பக்கோட்டைப் பக்கம் ஓட்டினான். பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் விடாமல் கத்தியது. "இன்னும் ஒரு டேங்க் அடிச்சுட்டு இறக்குலே" என்றார் தங்கப்பாண்டியன். அவன் அடித்தான். டிரோன் சீமைக்கருவேலத்துக்குள் விழுந்து, விசிறி மாட்டிய கை ஒன்றை ஒடித்துக்கொண்டது. கத்தினதைக் கேட்டிருந்தால் விழுந்திருக்காது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒடிந்த கையை மாற்றிய கையோடு அதைக் குறிசொல்லும் கோடாங்கியிடம் கொண்டுபோனார்கள். கண்ணு பட்டிருக்கிறது என்று அவர் சொன்னார். லாடம் வந்தது.

அருணாதேவிக்குக் கோடாங்கிமேல் கோபம் இல்லை. அவள் கணவன் சங்கிலிமுத்து ஓட்டும் லோடு ஆட்டோவின் முன்பம்பரிலும் ஒரு லாடம் இருக்கிறது. கட்டியவளே அவள்தான். அவளுக்கு அருவருப்பு வந்தது அந்த லாடம் தொங்கிய இடத்தைப் பார்த்து.

அந்தத் தண்டு எதற்காக இருக்கிறது? அதன் தலையிலுள்ள மூடிக்குள் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று ஜி.பி.எஸ்.; வானத்திலுள்ள செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடித்து, டிரோன் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். இன்னொன்று காம்பஸ், டிரோனின் மூக்கு எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று சொல்லும். காம்பஸ் தேடுவது பூமியின் காந்தத்தை. அது மிக மெலிசானது. பக்கத்தில் இரும்போ பெரிய மின்சாரமோ இருந்தால் அந்த மெல்லிய இழுப்பு அமுங்கிப்போகும். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் கிட்டே வரக்கூடாது என்றுதான் ஒரு தண்டை நட்டு, காம்பஸை உச்சியில் ஏற்றி, மற்ற எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வைத்திருக்கிறார்கள். டிரோனின் உடம்பில் இரும்பு வரக்கூடாத இடம் ஒன்றே ஒன்று உண்டு என்றால் அது இதுதான். கட்ட எத்தனையோ இடம் இருக்க, தேடிப்பிடித்து அங்கே கட்டியிருந்தார்கள்.

அவள் ரிமோட்டைப் போட்டாள். திரையில் சிவப்பு வரி வந்தது: இரண்டு காம்பஸும் ஒத்துப்போகவில்லை. பறக்கத் தயார் என்ற பச்சை வரவில்லை.

டிரோனுக்குள் இன்னொரு காம்பஸ் உண்டு, வயிற்றுப் பக்கம். அது தண்டில் இருப்பதுபோல நுட்பமானது இல்லை. ஆனால் மேலே இருப்பது சொல்வது மெய்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இந்த ஒப்பிடுகிற விசயம் மற்றவர்களைவிட அவளுக்குச் சீக்கிரம் புரிந்ததற்குக் காரணம் உண்டு. அவள் பிறந்தது ஆனைக்குட்டத்தில். பன்னிரண்டாவது முடித்ததும் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் சேர்ந்தாள். மெஷினிலிருந்து விழும் தாள்களில் இடையிடையே ஒன்றை உருவி லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு வண்ணம் நான்கு பிளேட்டிலிருந்து தனித்தனியாக விழும். ஒவ்வொரு பிளேட்டும் தாளின் ஓரத்தில் ஒரு கூட்டல் குறியை விட்டுப்போகும். நான்கு குறியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் படம் சரி. ஒன்று மயிரிழை விலகினாலும் முருகனுக்கு இரண்டு மூக்கு. விலகியது நீலமா மஞ்சளா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மெஷினை நிறுத்து என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்த அதே ஃபோர்மேன் சீசன் நெருக்கத்தில் நிறுத்தவிட மாட்டார். "சாமி படத்தை எவன் மூக்குக்கிட்ட வச்சுப் பாக்கப் போறான், ஓடட்டும்" என்பார். இரண்டு மூக்கு முருகன்கள் லாரி லாரியாக ஊர்களுக்குப் போனார்கள். யாரும் திருப்பி அனுப்பவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது. கல்யாணமாகி வெம்பக்கோட்டைப் பக்கம் வந்தபின் அச்சகத்தை நினைத்தால் அவளுக்கு மையின் வாசனைகூட வரவில்லை, அந்த மூக்குகள்தான் வந்தன.

மகளிர் குழு வழியாக டிரோன் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது கை தூக்கினாள். பயிற்சி கொடுத்தவர் பயணிகள் விமானங்களில் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய விமானத்தின் முன்னறை எப்படி இருக்கும் என்று பலகையில் வரைந்து காட்டினார். தலைமை விமானி முன்னால் ஒரு திரை, துணை விமானி முன்னால் ஒரு திரை. வேகம், உயரம், திசை, சாய்வு எல்லாம் இரண்டிலும் தெரியும். ஆனால் இரண்டுக்கும் செய்தி வருவது ஒரே கருவியிலிருந்து அல்ல, தனித்தனிக் கருவிகளிலிருந்து. இரண்டு திரைக்கும் இடையில் மூன்றாவதாகச் சின்னதாக ஒன்று, அவசரத்துக்கு. இடது திரை சொல்வதும் வலது திரை சொல்வதும் ஒன்றுதானா என்று ஒரு கம்ப்யூட்டர் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் அளவு தாண்டினால் எழுத்து வரும், மணி அடிக்கும். "எது பொய் சொல்லுதுன்னு அது உங்களுக்குச் சொல்லாது. ஒத்துப்போகலைன்னு மட்டும்தான் சொல்லும். அதுக்கப்புறம் மூணாவதைப் பாத்து முடிவெடுக்கிறது மனுசன் வேலை" என்றார். வகுப்பில் பலர் அதை எழுதிக்கொண்டார்கள். அருணாதேவி எழுதவில்லை. கூட்டல் குறி விலகினால் மெஷினை நிறுத்து. அவ்வளவுதானே.

அன்றைக்கு வேலை எம். புதுப்பட்டியில், பெத்தணன் என்ற சம்சாரியின் மக்காச்சோளக் காட்டில். படைப்புழு குருத்துக்குள் இறங்கி, இலையெல்லாம் சல்லடையாகியிருந்தது. காட்டின் கிழக்கு வேலியை ஒட்டி ஒரு பட்டாசு ஆலை. வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், வேப்பமரங்கள், நடுவில் வெடிகளைப் பரப்பிக் காயவைக்கும் சிமெண்டு மேடை. வெயில் நன்றாக இருந்ததால் மேடை நிறையப் பரப்பியிருந்தார்கள். பெத்தணனின் மருமகள் முத்துப்பேச்சி அந்த ஆலையில்தான் வேலை பார்த்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் பெண்கள் பேசிச் சிரிப்பது இங்கே கேட்டது.

தங்கப்பாண்டியன் வேனுக்குப் பின்னாலேயே காரில் வந்து இறங்கினார். வெற்றிலைச் சாற்றை வாய்க்காலில் துப்பிவிட்டு, "என்னம்மா, இன்னும் எந்திரிக்கலையா?" என்றார்.

"அண்ணாச்சி, அந்த லாடத்தை அவுக்கணும். காம்பஸ் மேல தொங்குது. செவப்பு வருது."

"அது அவுக்கக்கூடாது. கோடாங்கி கட்டுனது."

"நான் அவுத்துத் தூரப் போடச் சொல்லலை. வேன்ல கட்டிக்கிருவோம். கண்ணாடிக்குப் பக்கத்துல அம்சமா இருக்கும்."

"வேனா விழுந்துச்சு? டிரோன்தானே விழுந்துச்சு?"

"சரி, கயித்துல தொங்காம கால் பக்கம் இறுக்கிக் கட்டுறோம். தண்டுல வேண்டாம்."

"ஆடணும்லம்மா. ஆடுனாத்தான் பாக்குறவன் கண்ணு அது மேல போகும். கால்ல கட்டுனா எவனுக்குத் தெரியும்?"

நசிமாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "எங்க வத்தக் கடை வாசல்லயும் லாடம் அடிச்சிருக்கு அண்ணாச்சி. ஆனா வாசல் பறக்குறதில்லை."

தங்கப்பாண்டியன் சிரிக்கவில்லை. போனை எடுத்து, "ஏலே விக்னேசு, எங்கன இருக்க? சீக்கிரம் வா, இங்கன செவப்பாக் காட்டுதாம்" என்றார்.

விக்னேஷ்குமார் அவருடைய டிரோன்களைப் பழுது பார்ப்பவன். பாலிடெக்னிக் படித்தவன், விசயம் தெரிந்தவன். வந்ததும் டிரோனைப் பார்த்தான், லாடத்தைப் பார்த்தான், அருணாதேவியைப் பார்த்தான்.  காம்பஸைச் சரிசெய்யும் முறை ஒன்று உண்டு. டிரோனைக் கையில் தூக்கி எல்லாப் பக்கமும் புரட்டிச் சுற்றினால், தன் உடம்பிலுள்ள இரும்பு எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அது கணக்கெடுத்துக் கழித்துக்கொள்ளும். நசிமாவும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டினார்கள். புரட்டும்போதெல்லாம் லாடம் ஒரு பக்கம் போய் இடித்தது. எலுமிச்சைச் சாறு நசிமாவின் முழங்கைவரை ஒழுகியது. திரையில் கோடு முக்கால்வாசி வந்து, தோல்வி என்று நின்றது. மறுபடியும் செய்தார்கள். மறுபடியும் தோல்வி.

"இரும்பு உடம்போட ஒட்டி அசையாம இருந்தா இது கழிச்சிரும். இது தொங்குதுல்ல, ஒவ்வொரு தடவையும் வேற எடத்துல இருக்கு. எதைன்னு கழிக்கும்?" என்றான் விக்னேஷ்குமார்.

"அப்ப அதைப் போயி அவருட்டச் சொல்லுங்க" என்றாள் நசிமா.

அவன் வேப்பமரத்தடியில் போன் பேசிக்கொண்டிருந்த தங்கப்பாண்டியனைப் பார்த்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்தான். பறக்கும் முன் டிரோன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வரிசை அதில் இருந்தது. பேட்டரி, ஜி.பி.எஸ்., காம்பஸ், இன்னும் பல. எதிரெதிரே சின்னச் சின்ன டிக். காம்பஸுக்கு நேரே இருந்த டிக்கை எடுத்துவிட்டான். ரிமோட் திரையில் சிவப்பு மறைந்தது. பச்சை வந்தது: பறக்கத் தயார்.

"பச்சை வந்துருச்சு அக்கா" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

அருணாதேவி அந்தப் பச்சையைப் பார்த்தாள். காம்பஸ் சரியாகவில்லை. லாடம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. சொன்னவன் வாயைப் பொத்திவிட்டு எல்லாம் சுகம் என்று எழுதி வாங்கிய பச்சை அது. தெரியாதவன் செய்திருந்தால் சொல்லிக்கொடுக்கலாம். இவனுக்கு எல்லாம் தெரியும். இப்போது சொல்லிவிட்டுத்தானே செய்தான். 

"இதுக்கு வடக்கு எதுன்னு தெரியலை. இதை அந்த மேடைக்குப் பக்கத்துல என்னையத் தூக்கச் சொல்றீகளா?"

"ஜி.பி.எஸ். நல்லாத்தானே இருக்கு" என்றார் தங்கப்பாண்டியன், போனை முடித்துவிட்டு வந்து. "அதுல எடம் தெரியுதுல்ல?"

இடம் தெரியும். திசை தெரியாது. இரண்டும் வேறு. பெத்தணன் காட்டின் நடுவில் ஒருவனைக் கண்ணைக் கட்டி நிறுத்திவிட்டு, போனில் "நீ வரப்பிலிருந்து மேற்கே நாலடி விலகிட்ட, கிழக்கே நாலடி நட" என்று சொன்னால் என்ன ஆகும்? கிழக்கு எதுவென்று அவனுக்குத் தெரிந்தால் சரியாக வந்து நிற்பான். தெற்கைக் கிழக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தால் தெற்கே நாலடி போவான். உடனே போன், "இப்ப தெற்கேயும் விலகிட்ட, வடக்கே போ" என்னும். அவன் தன் கணக்கில் வடக்கு என்று நினைக்கிற கிழக்கே போவான். சொல்லச் சொல்லத் திருத்துவான், திருத்தத் திருத்த விலகுவான், கடைசியில் வட்டம் போட ஆரம்பிப்பான். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். காற்று ஒரு தள்ளு தள்ளினால் டிரோன் செய்வது இதைத்தான். வேகமாக விசிறிகள் சுற்றுகிற, மருந்து நிரம்பிய, ஆள் பாரம் உள்ள ஒரு சாமான்.

"இங்கன வேண்டாம். மேக்க கண்மாய்க்குள்ள காலியா எறக்கி ஒரு தடவை தூக்கிப் பாத்துருவோம்" என்றாள். "நீங்களே பாருங்க."

மருந்து ஊற்றாமல் கொண்டுபோனார்கள். வறண்ட கண்மாய்க்குள் ஆளுயரத்துக்கு மேல் தூக்கி, ரிமோட்டின் குச்சிகளிலிருந்து விரலை எடுத்தாள். நல்ல டிரோன் என்றால் ஆணியடித்ததுபோல அந்த இடத்திலேயே நிற்கும். இது சற்று நின்றது. மேல்காற்று ஒன்று வந்தது. லாடம் ஆடியது. டிரோன் பக்கவாட்டில் நழுவி, திரும்பி, சின்னதாக ஒரு வட்டம் போட்டது. அடுத்த வட்டம் அதைவிடப் பெரியது.

"அக்கா, கைமீறுது!" என்று நசிமா கத்தினாள்.

அருணாதேவி ரிமோட்டின் பக்கத்துச் சுவிட்சைத் தள்ளினாள். ஜி.பி.எஸ்.ஸையும் காம்பஸையும் கேட்காமல், சாய்வையும் உயரத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளும் முறை அது. இனி நிறுத்துவதும் திருப்புவதும் அவள் விரலில்தான். டிரோன் கண்மாய்க் கரையோர வேலிக்கம்பிப் பக்கம் சறுக்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் இழுத்தாள், அதிகமாகப் போனது, விட்டாள், மறுபடி இழுத்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் தட்டி உட்கார்ந்தது. அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கரையில் நின்று பார்த்த பெத்தணன், "என்ன அண்ணாச்சி, சுத்துது?" என்றார்.

"மொதல்ல சுத்திப் பாத்துக்கிரும் ஐயா. காட்டை அளக்குது" என்றார் தங்கப்பாண்டியன்.

பெத்தணன் தலையாட்டினார். இந்தக் காலத்து மெஷின்கள் எவ்வளவு விவரமாக இருக்கின்றன என்ற ஆச்சரியம் அவர் முகத்தில் இருந்தது. அருணாதேவி வாயைத் திறப்பதற்குள் தங்கப்பாண்டியன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்:

"உங்க ரெண்டு பேர்ல யாரும் வீட்டுக்குத் தூரமா இருக்கீகளா? இருந்தா சொல்லிருங்க. தொட்டிருந்தா அதான் இப்பிடிப் பண்ணுது."

நசிமா அருணாதேவியைப் பார்த்தாள்.  நசிமாவின் முகம் சிவந்துபோயிருந்தது. விக்னேஷ்குமார் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அது அவிழவே இல்லை.

"சரி, இன்னும் கொஞ்சம் எறக்கித் தாழப் பறத்தி அடிச்சிருவோம். மேடைக்கு இங்கிட்டே நாலு சாலு விட்டுருவோம். விக்னேசு, நீயே ஓட்டுலே" என்றார் தங்கப்பாண்டியன்.

மருந்துப் பாக்கெட் கிழிக்கும் பிளேடு நசிமாவின் வாளியில் கிடந்தது. அருணாதேவி அதை எடுத்துக்கொண்டு டிரோனிடம் போய்க் குனிந்தாள். கறுப்புக் கயிறு எண்ணெயும் சாறும் ஊறி விரலில் வழுக்கியது. இரண்டு இழுப்பில் அறுந்தது. லாடம் கண்மாய் மண்ணில் விழுந்தது. அதோடு விடவில்லை. எலுமிச்சம்பழத்தையும் பிடுங்கி எறிந்தாள். அது கைக்குள்ளேயே நசுங்கி விரலிடுக்கில் வழிந்தது. கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

 தங்கப்பாண்டியனின் உதடு வெளுத்திருந்தது.

"ஏம்மா, என்ன காரியம் பண்ணிட்ட?"

"இப்பக் காம்பஸைச் சரிபண்ணிட்டு நான் ஓட்டுறேன். மேடைப் பக்கம் தள்ளியே அடிக்கிறேன். காடு முழுசா முடிச்சுத் தாறேன்."

"எந்திரிக்கக்கூடாது. இது இன்னைக்கு எந்திரிக்கவே கூடாது. அறுத்துட்டு ஓட்டுனா என்ன ஆகும் தெரியுமா? வேன்ல ஏத்துலே."

அப்படித்தான் அன்றைக்கு அந்த டிரோன் ஆலைப் பக்கம் போகாமல் நின்றது. திரையில் சிவப்பாக எழுதிக் காட்டியபோது நிற்கவில்லை. கண் முன்னால் வட்டமடித்தபோது நிற்கவில்லை. ஓட்டலாம் என்ற நிலைக்கு வந்த பிறகு, ஒரு பயத்தில் நின்றது. அருணாதேவிக்கு அதை நினைத்துச் சந்தோசப்பட முடியவில்லை. எச்சில் தட்டில் சோறு கிடைத்ததுபோல இருந்தது.

பெத்தணன் அவள்மேல்தான் பாய்ந்தார். "நல்ல வேலை செஞ்சம்மா. அங்கன புழு குருத்தைத் திங்குது, இங்கன நீ கயித்தை அறுத்துக்கிட்டு நிக்க. கும்புட்டுக் கட்டுனதை அறுக்க ஒனக்குக் கை எப்பிடி வந்துச்சு?"

 அருணாதேவி வேனில் ஏற்றப்பட்ட டிரோனின் பக்கத்தில் போய், கதவை அடைக்க விடாமல் நின்றாள். கையில் ரிமோட் இருந்தது.

"விக்னேசு, அந்த டிக்கைத் திரும்பப் போடு."

"நாளைக்குப் போடுறேன் அக்கா."

"இப்பப் போடு. போட்டாத்தான் ரிமோட்டைத் தருவேன். எடுக்கிறதுக்குத்தான் அண்ணாச்சி சொல்லணும். போடுறதுக்குமா?"

தங்கப்பாண்டியன் அறுந்த கயிற்றையும் லாடத்தையும் கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டு காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அந்த டிக் என்ன என்பதே அவருக்குத் தெரியாது. விக்னேஷ்குமார் லேப்டாப்பைத் திறந்து போட்டான். அவள் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டு ரிமோட்டைக் கொடுத்தாள்.

"நாளையிலருந்து ரெண்டு பேரும் வர வேண்டாம்" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

மறுநாள் காலை அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது விக்னேஷ்குமார் போனில் வந்தான். குரலை அடக்கிப் பேசினான்.

"அக்கா, எந்திரிக்க மாட்டேங்குது."

"எங்கன இருக்க?"

"பெத்தணன் ஐயா காட்டுலதான். சாயங்காலமே கோடாங்கியைக் கூட்டியாந்து புதுசாக் கட்டிட்டாரு. நேத்துக் கட்டுனதைவிடப் பெருசு. செவப்பு வருது. நேத்துப் பண்ணுனதைப் பண்ணுலேன்னு பக்கத்துலயே நிக்காரு."

"பண்ணிட்டயா?"

"இல்ல. இன்னும் தொடலை. என்ன செய்யன்னு கேக்கத்தான்..."

போனுக்குள் ஆலையின் சங்கு ஒலித்தது. வேலைக்கு ஆள் போகிற நேரம்.

"ஐயா இருக்காகளா அங்கன?"

"நிக்காரு."

"போனை ஸ்பீக்கர்ல போடு. திரையில என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சத்தமா வாசி."

"அக்கா, அண்ணாச்சி..."

"நீ ஒண்ணும் சொந்தமாச் சொல்ல வேண்டாம். எழுதியிருக்கிறதை வாசி. அதுக்குமா பயம்?"

 அவன் வாசித்தான். பள்ளிக்கூடத்துப் பையன் எழுந்து நின்று வாசிப்பதுபோல இருந்தது.

"காம்பஸ் ரெண்டும் ஒத்துப்போகலை. பறக்க அனுமதி இல்லை."

"அப்பிடின்னா என்னய்யா?" பெத்தணன் குரல் தூரத்திலிருந்து வந்தது.

"வண்டிக்கு வடக்கு எதுன்னு தெரியலை ஐயா."

"நேத்துச் சுத்திப் பாக்குதுன்னாரு?"

"சுத்திப் பாக்கலை. தெசை தெரியாமச் சுத்துச்சு."

"ஏலே, வாய மூடுலே!" இது தங்கப்பாண்டியன்.

"நீரு மூடும்!" பெத்தணன் போனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார் போலிருந்தது. "தெசை தெரியாததையா எம் மருமக உக்காந்து வெடி காயப்போடுற எடத்துக்குப் பக்கத்துல ஏத்தப் பாத்தீரு? எடும் வண்டியை. எங் காட்டை விட்டு எடும். நான் முதுகுல டேங்கைக் கட்டி அடிச்சுக்கிருதேன்."

யாரோ போனைப் பிடுங்கினார்கள். இணைப்பு அறுந்தது.

அருணாதேவி கஞ்சியை இறக்கி வைத்தாள். ஒரே ஒரு வரி. நேற்றே யாராவது அதை அந்த மனிதர் காதில் விழும்படி வாசித்திருக்கலாம். அவளும்தான் வாசிக்கவில்லை, கயிற்றை அறுக்கத்தான் தோன்றியது. முத்துப்பேச்சி இந்நேரம் ஆலைக்குள் போயிருப்பாள். வேலிக்கு இந்தப்பக்கம் எதைப் பற்றிச் சண்டை நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

மத்தியானம் நசிமா அழைத்தாள்.

"அக்கா, விக்னேசு அண்ணனையும் நிறுத்திட்டாராம்."

"லாடம்?"

"அது அப்பிடியேதான் தொங்குதாம். மதுரையிலருந்து வேற ஒருத்தனை வரச்சொல்லியிருக்காராம், அவன் எல்லாச் செக்கையும் எடுத்து விட்டுருவானாம். நாளைக்கு வேற காட்டுல அடிக்கப் போறாக."

அருணாதேவிக்கு வாயெல்லாம் கசந்தது. வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"எந்த ஊரு, யாரு காடுன்னு விக்னேசுட்டக் கேளு. கேட்டு அந்தச் சம்சாரி நம்பரை வாங்கித் தா."